கதவுக் குமிழ் போட்ட ஓட்டை

கடந்த நவம்பரில் ஒரு சனிக்கிழமை, பெரியவன் மாடியறைக் கதவை வேகமாகத் தள்ளித் திறந்ததில், கதவின் குமிழ் பின்சுவரில் மோதி, இரண்டரை அங்குல அகலத்துக்கு ஒரு வட்டத்தை அப்படியே சுவருக்குள் தள்ளிவிட்டது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. அப்பளம் நொறுங்கியது போல ஓர் ஒலி, அவ்வளவுதான். நியாயமாக அவனை மட்டும் குறை சொல்ல முடியாது. அந்தக் கதவு சுவரில் மோதாதபடி, சுவரடியில் ஓடும் கீழ்ப்பலகையில் ஒரு சுருள்கம்பித் தடுப்பு இருந்தது. சின்னவள் தவழ்ந்த காலத்தில் அதைச் சுண்டிச் சுண்டி விளையாடியதால் தலைவலி தாங்காமல் நான்தான் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டிருந்தேன்.

மறுநாள் ஊரிலிருந்து தொலைபேசியில் பேசிய அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவரால் நம்பவே முடியவில்லை. "கதவு பட்டா செவுரு ஒடையுமாடா? அட்டையிலயா வீடு கட்டியிருக்காங்க?" என்றார். பாதிக்குப் பாதி அது சரிதான். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் கொலம்பஸ் நகரை ஒட்டிய பகுதியில் 2004ஆம் ஆண்டு கட்டப்பட்ட எங்கள் வீட்டின் உட்சுவர், இரண்டு காகித அட்டைகளுக்கு நடுவே ஜிப்சம் மாவை இறுக்கி வார்த்த அரை அங்குலப் பலகைதான். டிரைவால் என்றும், ஒரு நிறுவனம் வைத்த பெயரே பொதுப்பெயராகிவிட்டதால் ஷீட்ராக் என்றும் இங்கே இதைச் சொல்வார்கள். பதினாறு அங்குலத்துக்கு ஒன்றாக நிற்கும் மரச்சட்டங்களின் மேல் இந்தப் பலகைகளை ஸ்குரூவால் முடுக்கி, இடைவெளிகளைக் காகித நாடாவாலும் பட்டி என்ற பூச்சுப் பசையாலும் மறைத்து, வண்ணம் பூசிவிட்டால் சுவர் தயார். சட்டத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே வெறும் காற்றுதான் இருக்கிறது என்பதால், குமிழ் மோதிய இடத்தில் பின்னாலிருந்து தாங்க ஒன்றுமே இல்லை. எங்கள் ஊர் வீட்டில் காலண்டர் மாட்ட ஆணி அடித்தால் ஆணிதான் வளையும். இங்கே கட்டைவிரலால் அழுத்தியே ஆணியைப் பாதி உள்ளே இறக்கிவிடலாம்.

அப்பாவுக்கு நான் ஒரு விஷயத்தை மட்டும் விளக்கினேன். நிலக்கடலைக்கு மண் அணைக்கும்போது ஏக்கருக்கு 160 கிலோ என்று அவர் வாங்கிப் போட்ட அதே ஜிப்சம்தான் இங்கே சுவராக நிற்கிறது. கடலைக் காய்க்குச் சுண்ணாம்புச் சத்தும் கந்தகச் சத்தும் கொடுக்கும் அந்தக் கல், எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் தண்ணீரைத் தன் படிகத்துக்குள் பிடித்து வைத்திருக்கிறது. நான்கடிக்கு எட்டடி அளவுள்ள ஓர் அரை அங்குலப் பலகை ஏறக்குறைய 23 கிலோ இருக்குமென்றால், அதில் நான்கு லிட்டருக்கு மேல் கண்ணுக்குத் தெரியாத தண்ணீர் இருக்கிறது. வீடு தீப்பிடித்தால் அந்தத் தண்ணீர் ஆவியாகி முடியும்வரை பலகையின் பின்பக்கம் சூடு அதிகம் ஏறாது. மரத்தால் கட்டிய வீடுகளில் இதைச் சுவராக வைப்பதற்கு இது பெரிய காரணம். அகஸ்டின் சாக்கெட் என்பவர் 1894இல் இதன் முன்னோடிப் பலகைக்குக் காப்புரிமை வாங்கினார். ஆனாலும் மரப்பட்டிகளை வரிசையாக அடித்து அவற்றின் மேல் மூன்று பூச்சு பூசும் பழைய முறைதான் இங்கே நெடுநாள் கௌரவமானதாக இருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பூச்சு வேலைக்கு ஆள் கிடைக்காமல் போன பிறகே பலகைச் சுவர் ஜெயித்தது. பூச்சு காய வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டாம், ஈரம் இல்லாத சுவர் என்பதுதான் டிரைவால் என்ற பெயருக்கே அர்த்தம்.

வேலைக்கு ஆள் கூப்பிட்டுப் பார்த்தேன். ஓர் ஓட்டைக்காக வண்டி எடுத்துக்கொண்டு வருவதற்கே அவர் கேட்ட தொகை, நான் ஒரு மாதத்துக்கு வாங்கும் மளிகைச் சாமானை நினைவுபடுத்தியது. உள்ளங்கை அகல ஓட்டையை அடைக்கத் தெரியாதா என்ற ரோஷத்தில் கடைக்குப் போய் ஸ்பேக்கிள் என்ற அடைப்புப் பசை ஒரு சிறிய டப்பாவும், அதை வழிக்க ஒரு பிளாஸ்டிக் தகடும் வாங்கி வந்தேன். அன்று நான் செய்த காரியத்தை எழுதவே கூச்சமாக இருக்கிறது. பழைய செய்தித்தாளைக் கசக்கி ஓட்டைக்குள் திணித்து, அதன் மேல் ஸ்பேக்கிளை ஒரே தடவையில் அப்பி, தகட்டால் வழித்துவிட்டு, வேலை முடிந்தது என்று கையைக் கழுவிக்கொண்டேன். அது ஆணி ஓட்டைக்கென்று செய்த பசை. மெல்லியதாகத் தடவினால்தான் அது அதுவாக இருக்கும். கனமாக அப்பினால் மேற்புறம் காய்ந்து, உள்ளே ஈரமாகவே இருந்து, சுருங்கிப் பிளக்கும். மறுநாள் பார்த்தபோது கோடைக்கால ஏரித்தரை போல வெடித்திருந்தது. வெடிப்பின் மேல் இன்னும் கொஞ்சம், அது காய்ந்த பின் இன்னும் கொஞ்சம் என்று மூன்று நாள் அப்பி, உப்புத்தாளால் தேய்த்து, சுவர் வண்ணத்தையும் அடித்து முடித்தேன். இரவில் டியூப் லைட் வெளிச்சத்தில் பார்த்தால் அருமையாக இருந்தது.

மறுநாள் மாலை நான்கு மணிக்கு அந்த அறைக்குள் போனவன் வாசலிலேயே நின்றுவிட்டேன். மேற்குப் பக்கச் சன்னல் வழியாக நவம்பர் வெயில் தாழ்வாக உள்ளே வந்து, கதவுக்குப் பின்னாலுள்ள சுவரைச் சாய்வாகத் தடவிக்கொண்டு போயிற்று. அந்த வெயிலில், நான் அடைத்த இடம் கொசு கடித்த தடிப்பைப் போலத் தனியாக எழுந்து, தன் இடது பக்கத்தில் ஒரு பிறை நிழலையும் வைத்துக்கொண்டு நின்றது. பின்னாலிருந்து எட்டிப் பார்த்த மனைவி, "ஏங்க, அடைச்சிருக்கீங்களா, இல்ல வீங்கியிருக்கா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விதான் எனக்கு இந்த வேலையைப் புரியவைத்தது. ஓட்டையை மூடுவது இதில் மிக எளிய பகுதி. அது பத்து நிமிட வேலை. மிச்ச நேரமெல்லாம், அங்கே ஏதோ நடந்திருக்கிறது என்று வெளிச்சத்துக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வதில்தான் போகிறது. எந்த ஒட்டுப் போட்டாலும் சுவரின் பழைய மட்டத்துக்கு மேல் ஒரு மில்லிமீட்டராவது ஏறத்தான் செய்யும், அதைத் தவிர்க்க வழியில்லை. அந்த ஒரு மில்லிமீட்டர் இரண்டு அங்குலத்துக்குள் இறங்கினால் மேடு. அதையே ஒவ்வொரு பக்கமும் ஓர் அடிக்கு இழுத்து இறக்கினால் கண்ணுக்கு அது சமதளம். நானோ ஓட்டை சிறியது என்பதால் பட்டியையும் சிறிய இடத்துக்குள் அடக்கப் பார்த்தேன். சிறுவயதில் எங்கள் வீட்டுக்குப் பட்டி பார்க்க வந்த பெயின்டர், விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு, ஒரே ஒரு பல்பை ஒயரோடு சுவரோரமாகப் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் நடப்பார். எதற்காக அப்படிச் செய்தார் என்பது முப்பது வருடம் கழித்து ஒஹாயோவில்தான் எனக்கு விளங்கியது.

சரி, முதலிலிருந்து செய்யலாம் என்று அடைத்ததையெல்லாம் பெயர்த்து எடுத்தேன். இந்த முறை கையாண்டதற்குக் கலிஃபோர்னியா ஒட்டு என்று பெயர். ஏன் கலிஃபோர்னியா என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை, ஆனால் கைப்பிடி அளவு ஓட்டைக்கு இதைவிட அழகான முறையை நான் பார்க்கவில்லை. முதலில் ஓட்டையைச் சுற்றி ஸ்கேல் வைத்துச் சதுரமாகக் கோடு போட்டு, சிறிய வாளால் அறுத்து, பிசிறில்லாத நான்கங்குலச் சதுரமாக்கிக்கொள்ள வேண்டும். ஓட்டையைச் சரிசெய்ய ஓட்டையைப் பெரிதாக்குகிறானே என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றும். அறுக்கும்போது வாளை ஆழமாக இறக்கக் கூடாது. சுவருக்குள் மின்கம்பியோ தண்ணீர்க் குழாயோ ஓடலாம். நான் முதலில் கைப்பேசியை ஓட்டைக்குள் விட்டு விளக்கைப் போட்டுப் படம் எடுத்துப் பார்த்தேன். வலப்பக்கச் சட்டத்தை ஒட்டி ஒரு மஞ்சள் மின்கம்பி இறங்கியது. கீழே, கட்டியவர்கள் போட்டுவிட்டுப் போன ஒரு நசுங்கிய சோடா டப்பா கிடந்தது. இருபது வருடமாக எங்களோடு குடியிருந்த அதை நான் எடுக்கவில்லை.

பிறகு ஒட்டுத் துண்டு. கடையில் இரண்டடிக்கு இரண்டடி என்று சிறு பலகைகள் கிடைக்கும். அதிலிருந்து எட்டங்குலச் சதுரம் ஒன்றை வெட்டிக்கொண்டு, அதைக் குப்புறப் போட்டு, பின்பக்கத்தில் நடுவே நான்கங்குலச் சதுரத்துக்குக் கோடுகள் கிழித்து, கத்தியால் பின்காகிதத்தையும் கொஞ்சம் மாவையும் கீறி, விளிம்புகளை மெதுவாக ஒடிக்க வேண்டும். ஒடிந்த விளிம்பை முன்பக்கக் காகிதத்திலிருந்து உரித்தெடுக்கும்போதுதான் பொறுமை வேண்டும். வாழைநார் கிழிப்பது போல ஒரே சீராக இழுத்தால் மாவு தனியாகவும் காகிதம் முழுதாகவும் வரும், அவசரப்பட்டால் காகிதம் கிழியும். எனக்கு முதல் துண்டு கிழிந்தது, இரண்டாவது வந்தது. கடைசியில் கையில் இருப்பது நடுவே நான்கங்குல ஜிப்சம் கட்டியும் அதைச் சுற்றி இரண்டங்குலக் காகிதச் சிறகும் உள்ள ஒரு துண்டு. ஓட்டையைச் சுற்றிப் பட்டியைத் தடவி, கட்டியை உள்ளே பொருத்தி, காகிதச் சிறகைச் சுவரின் மேல் படியவைத்து, தகட்டால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக அழுத்தி வழித்தால், அடியிலுள்ள அதிகப்படியான பட்டி பிதுங்கி வெளியே வந்து, காகிதம் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ளும். பின்னால் மரம் வேண்டாம், தனியாக நாடா வேண்டாம். ஒட்டுத் துண்டே தன் நாடாவையும் கொண்டுவந்துவிடுகிறது. கடையில் விற்கும், ஒட்டிக்கொள்ளும் அலுமினிய வலைத் துண்டு இதைவிடச் சுலபம்தான், ஆனால் அது ஓட்டையின் மேல் போர்த்திய துணி மாதிரி. அதே இடத்தில் குமிழ் இன்னொரு முறை மோதினால் தாங்காது.

பட்டியில் இரண்டு ஜாதி இருக்கிறது என்பது இங்கே பலருக்கும் தெரிவதில்லை. வாளியில் குழைத்தே விற்பது ஒன்று. மட் என்று, அதாவது சேறு என்றே அதைக் கூப்பிடுகிறார்கள். அது தண்ணீர் ஆவியாகிக் காய்வது. ஒரு பூச்சு காய ஒரு நாள் ஆகும், சுருங்கவும் செய்யும், ஆனால் உப்புத்தாளுக்கு வெண்ணெய் போல இளகிக் கொடுக்கும். மூட்டையில் தூளாக விற்பது இன்னொன்று. இது காய்வதில்லை, தண்ணீரைத் தனக்குள் இழுத்துக்கொண்டு மறுபடி கல்லாக மாறுகிறது. நம் ஊரில் சிலை வார்க்கும் பாரிஸ் சாந்தின் உறவுக்காரன். மூட்டை மேல் 20, 45, 90 என்று எழுதியிருக்கும் எண், எத்தனை நிமிடத்தில் இறுகும் என்பதற்கான கணக்கு. இறுகும்போது கிண்ணத்தைத் தொட்டால் இளஞ்சூடாக இருக்கும். நான் 20 எண்ணை வாங்கி, கிண்ணம் நிறையக் குழைத்து, பாதி பூசுவதற்குள் மீதி கிண்ணத்திலேயே கல்லாகிவிட்டது. அடிப்பூச்சுக்கு உறுதியான தூள்பட்டி, மேல்பூச்சுகளுக்கு இளக்கமான வாளிப்பட்டி என்பதே என் அனுபவத்தில் சரியாக வருகிறது. தூள்பட்டியைத் தேய்த்து மட்டமாக்க நினைப்பவன் தோள்பட்டையை இழப்பான்.

மேல்பூச்சு மூன்று போட்டேன். முதலாவது ஆறங்குலத் தகட்டால் காகித விளிம்பு மறையும் அளவுக்கு. இரண்டாவது பத்தங்குலத் தகட்டால் அதற்கு வெளியே. மூன்றாவது பன்னிரண்டங்குலத் தகட்டால், பட்டியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு மோர்ப்பதமாக்கி, ஏறக்குறைய இரண்டடி அகலத்துக்கு. குமிழ் போட்டதோ இரண்டரை அங்குலம்! தகட்டின் வெளிமுனையைச் சுவரில் அழுத்தி உள்முனையை லேசாகத் தூக்கி இழுத்தால், பட்டி நடுவில் மெல்லியதாகவும் ஓரத்தில் ஒன்றுமே இல்லாமலும் கரைந்து போகும். இந்த இழுப்பு கைக்கு வரும்வரை என் சுவர் சப்பாத்தி மாவு ஒட்டிய பலகை மாதிரிதான் இருந்தது. இன்னொரு வில்லங்கம், காய்ந்த துணுக்கு. வாளியின் ஓரத்தில் உலர்ந்து ஒட்டியிருக்கும் பட்டியில் கடுகளவு உதிர்ந்து உள்ளே விழுந்துவிட்டால், அது தகட்டின் கீழே மாட்டிக்கொண்டு, நீங்கள் இழுக்கும் நீளம் முழுவதற்கும் ஒரு பள்ளக் கோடு போட்டுக்கொண்டே வரும். கோட்டை மறைக்க மறுபடி இழுத்தால் கோடு இடம் மாறுமே தவிரப் போகாது. வாளியின் ஓரத்தை ஒவ்வொரு முறையும் வழித்துத் துடைத்து, மூடி வைப்பதுதான் இதற்கு வைத்தியம்.

தேய்ப்பதைப் பற்றி ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். 150 எண் உப்புத்தாளால் நான் ஐந்து நிமிடம் தேய்த்ததில் வந்த வெள்ளைத் தூசி, மறுநாள் கீழ்த்தளத்துச் சமையலறையில் மிளகாய்த்தூள் டப்பாவின் மேல்வரை படிந்திருந்தது, ஏனென்றால் வீட்டைச் சூடாக்கும் இயந்திரத்தை நிறுத்தாமல் விட்டிருந்தேன். அது அறையின் காற்றை உறிஞ்சி வீடு முழுவதற்கும் பங்கிட்டுக் கொடுத்துவிட்டது. இப்போதெல்லாம் முகக்கவசம் போட்டு, காற்றுத்துளைகளை மூடி, முடிந்தவரை ஈரப் பஞ்சால் வழித்தே மட்டமாக்குகிறேன். பழைய வீடு என்றால் விஷயம் இன்னும் தீவிரமானது. இந்தப் பட்டியில் ஒரு காலத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்தார்கள். அமெரிக்காவில் 1977இல்தான் அதைத் தடை செய்தார்கள், அதற்கு முன் செய்த சரக்கு அதற்குப் பிறகும் சில காலம் சுவரேறியிருக்கலாம். வண்ணத்தில் ஈயம் சேர்ப்பதற்கு வீடுகளில் தடை வந்தது 1978இல். அறுபதுகளில் கட்டிய வீட்டை வாங்கியிருக்கும் நண்பர் ஒருவர், ஒரு சிறு துண்டை ஆய்வகத்துக்கு அனுப்பி முடிவு வந்த பிறகே உப்புத்தாளைத் தொட்டார். அந்த விஷயத்தில் அவர் செய்ததுதான் முறை.

வண்ணம் அடிக்கும் முன் பிரைமர் அடிக்க வேண்டும். பட்டி தண்ணீரைக் குடிக்கும் வேகமும் பழைய வண்ணம் குடிக்கும் வேகமும் வேறு வேறு என்பதால், பிரைமர் இல்லாமல் அடித்தால் நிறம் ஒன்றாக இருந்தாலும் ஒட்டின் மேல் மட்டும் பளபளப்பு செத்துப்போய் மங்கலாகத் தெரியும். என் முதல் முயற்சியில் வீக்கத்தோடு இந்த மங்கலும் சேர்ந்திருந்தது. நிறத்துக்கு, அறுத்தெடுத்த துண்டையே கடைக்குக் கொண்டுபோனேன். அதன் ஓரத்தைப் பார்த்தபோது, எங்கள் வெளிர்சாம்பலுக்கு அடியில் ஒரு மஞ்சளும் அதற்கும் அடியில் குழந்தை அறைக்குரிய ஒரு நீலமும் இருந்தன. கடைக்காரர் இயந்திரத்தில் வைத்து அதே சாம்பலைக் கலந்து கொடுத்தார். அப்படியும் ஒட்டின் மேல் மட்டும் அடித்தால் பொருந்தாது, சுவர் எட்டு வருடம் வெயில் பார்த்திருக்கிறது. மூலையிலிருந்து மூலைவரை முழுச் சுவரையும் அடித்துவிடுவதுதான் உத்தமம்.

கை பழகிவிட்டது என்ற நினைப்பில் இருந்தபோது, சனவரியில் குளியலறைக் குழாய் ஒழுகி, கீழே கூடத்துக் கூரையில் காப்பிக் கறை போல ஒரு வளையம் தோன்றியது. வந்த குழாய்க்காரர் கூரையைப் பதினான்கு அங்குலத்துக்கு அறுத்து, குழாயைச் சரிசெய்துவிட்டு, ஓட்டையை அப்படியே விட்டுப் போய்விட்டார். குழாய்க்காரர் சுவர் வேலை பார்க்க மாட்டார் என்பது இங்கே எழுதாத சட்டம். உள்ளே ஈரம் காயும்வரை ஒரு வாரத்துக்கும் மேல் மின்விசிறியைத் திருப்பி வைத்தேன். நனைந்த காகிதத்தை மூடிவிட்டால் பூஞ்சைக்கு நாமே விருந்து வைத்தது போல ஆகும். இந்த அளவு ஓட்டைக்குக் கலிஃபோர்னியா ஒட்டு போதாது. ஓட்டைக்குள் இரண்டு மரப்பட்டிகளை விட்டு, இருபுறமும் பழைய பலகையோடு ஒன்றேகால் அங்குல ஸ்குரூவால் முடுக்கி, அந்த மரங்களின் மேல் புதுத் துண்டை முடுக்கி, நான்கு இடைவெளிக்கும் நாடா ஒட்ட வேண்டும். ஸ்குரூத் தலை காகிதத்தைக் கிழிக்காமல் ஒரு சின்னக் குழியோடு நிற்க வேண்டும். கிழித்தால் அதற்குப் பிடிப்பே இல்லை. எல்லாம் சரியாகச் செய்து துண்டைப் பொருத்திப் பார்த்தால், அது கூரைக்குள் எட்டில் ஓர் அங்குலம் பள்ளமாக உட்கார்ந்தது. சுவர்ப் பலகை அரை அங்குலம், ஆனால் என் கூரைப் பலகையோ தொய்வு விழாமல் இருக்க எட்டில் ஐந்து அங்குலம். அளந்து பார்க்காமல் வாங்கியது என் தப்பு. மறுபடி கடைக்குப் போனேன். கராஜுக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள சுவரிலும் கூரையிலும் இதில் இன்னும் கவனம் வேண்டும், அங்கே பலகை நிற்பது தீயைத் தடுக்க. பலகையை எடுத்த இடத்தில் அதே கனமுள்ள பலகையைத்தான் வைக்க வேண்டும், வலைத்துண்டு உதவாது. கறை படிந்த விளிம்புக்குச் சாதாரணப் பிரைமர் போதாமல், கறை மறைக்கும் ஷெல்லாக் பிரைமர் அடித்தேன். இல்லாவிட்டால் எத்தனை பூச்சு வெள்ளை அடித்தாலும் அந்தக் காப்பி நிறம் ஊறி மேலே வந்துவிடும்.

கூரை வேலை முடிந்த இரவு, விளக்கை அணைத்துவிட்டு, ஏணியில் ஏறி டார்ச்சைக் கூரையோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தேன். மூன்று பக்கம் சுத்தம். நான்காவது பக்கத்தில், சமையலறை வாசலை ஒட்டி, ஒரு மயிரிழை விளிம்பு தெரிந்தது. அங்கே வெயில் எந்த மாதத்திலும் விழாது என்பதால் விட்டுவிட்டேன். மாடியறைச் சுவரை மட்டும் நாலு மணி வெயிலில் இப்போதும் ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன். எனக்கு இடம் தெரியும் என்பதால் தெரிகிறதா, அல்லது உண்மையாகவே தெரிகிறதா என்று மனைவியிடம் கேட்டால், "எந்த ஓட்டை?" என்கிறாள். அது பாராட்டா கிண்டலா என்று இருபது வருடப் பழக்கத்திலும் எனக்குப் பிடிபடவில்லை.

இழுப்பறையைக் குடைந்து அந்தச் சுருள்கம்பித் தடுப்பை எடுத்துக் கீழ்ப்பலகையில் மறுபடி முடுக்கினேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. சின்னவளுக்கு இப்போது ஏழு வயது. நான் எழுந்து அறையைத் தாண்டுவதற்குள் பின்னால் டொய்ங்ங் என்று கேட்டது.